சத்தியதாஸ் வெளுப்பாக்கிய முகங்கள்

கரமனை ஜங்ஷனில் எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. ஜனங்கள் உள்ளதை உள்ளபடி பார்க்க வேண்டும் என்பதுதான் என் பிழைப்பு. அடுத்த கடை ரோஸ் ஸ்டுடியோ. அதன் முதலாளி சத்தியதாஸின் பிழைப்பு இதற்கு நேர் எதிர். நடுவில் இருப்பது ஒரே ஒரு செங்கல் சுவர்தான். இத்தனை வருஷத்தில் அது இடிந்து விழாதது எனக்கு ஆச்சரியம்தான்.

சத்தியதாஸ் பாறசாலைக்காரர். தினமும் ஸ்கூட்டரில் வந்து போகிறார். பாறசாலைக்கும் தம்பானூருக்கும் நடுவில் கல்யாணமாகிப் போன பெண்களில் பாதிப் பேரையாவது அவர் வெளுப்பாக்கியிருப்பார். ஸ்டுடியோவுக்குள் யார் வந்தாலும் முதலில் ஒரே கேள்விதான்: "எதுக்காக்கும் போட்டோ?" பாஸ்போர்ட்டுக்கு என்றால் முகம் எப்படி உண்டோ அப்படி. கல்யாண ஆலோசனைக்கு, அதாவது வரன் பார்க்க என்றால் போட்டோஷாப்பைத் திறந்துகொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார். சர்க்காருக்கு ஒரு நிறம், சம்பந்திக்கு ஒரு நிறம்.

பெண்ணின் அம்மா அவர் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்ப்பாள். "இச்சிரிகூட வெளுக்கட்டு, சேட்டா" என்பாள். இன்னும் கொஞ்சம் வெளுக்கட்டும் என்று அர்த்தம். அவர் மவுஸை ஒரு நூல் நகர்த்துவார். "மதியா?" என்பார். போதுமா என்று கேட்கிறார். போதாது. இச்சிரிகூட. இப்படியே போய்க் கடைசியில் பெண் எழுந்து வந்து திரையைப் பார்க்கும்போது, இது யார் என்று அவளே மரியாதையாக விசாரிக்க வேண்டியிருக்கும். எங்கள் கல்யாண ஆல்பமும் அவர் கைவண்ணம்தான். என் மனைவி அனந்தலக்ஷ்மி அதைப் புரட்டும்போதெல்லாம், உங்களுக்கு முதலில் வேறொருத்தியோடு கல்யாணம் ஆகியிருக்கிறது போலிருக்கிறதே என்பாள்.

மாப்பிள்ளைகளை அவர் தொடுவதில்லை. தொடச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை. ஆண் கறுத்திருந்தால் நல்ல கம்பீரம், பெண் கறுத்திருந்தால் "நல்ல பிள்ளைதான், நெறம் மட்டும் இச்சிரி கம்மி." இதைச் சொல்லுகிற வாயில் ஒன்று போடலாம் போல எனக்கு வரும். நான் கண்ணாடி விற்கிறவன், பேசாமல் இருந்துவிடுவேன்.

அவர் தொழில் கற்றது பிலிம் காலத்தில். நெகட்டிவ்வில் எல்லாம் தலைகீழ் என்பது எல்லாருக்கும் தெரியும். கறுத்தது அதில் வெளுத்திருக்கும், வெளுத்தது கறுத்திருக்கும். ஆகவே பிரிண்டில் ஒரு பெண்ணின் முகம் வெளுக்க வேண்டும் என்றால் நெகட்டிவ்வில் அந்த முகத்தைக் கறுப்பாக்க வேண்டும். கூராகச் சீவிய பென்சிலால், மூச்சை அடக்கிக்கொண்டு, முகம் இருக்கிற இடத்தில் மட்டும் மெதுவாகத் தடவிக்கொண்டே இருப்பார்கள். இருபது வயதில் சத்தியதாஸ் கையில் அந்தப் பென்சில் வந்தது. பிலிம் ஒழிந்து கம்ப்யூட்டர் வந்தபோது அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பென்சில் சீவுகிற வேலை மிச்சம் என்றார். ஆனால் கை மாறவில்லை. பென்சில் போய் மவுஸ் வந்தது, அவ்வளவுதான்.

இத்தனையும் செய்கிற மனிதர் நல்ல கறுப்பு. மனைவி ரோஸ் வெளுப்பு. கடைக்கு மனைவியின் பெயரை வைத்ததில் அந்தப் பெருமையும் உண்டு என்று நினைக்கிறேன். ஒரே மகள் பிரிஸில்லா. அவள் அம்மாவின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் நேராக அப்பாவைப்போலப் பிறந்தாள். விழிஞ்ஞம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். ஓட்டுவது என்றால் மேலே ஏறி உட்கார்ந்து அல்ல, ஒரு அறையில் திரைக்கு முன்னால் இருந்தபடி கப்பலிலிருந்து பெட்டிகளைத் தூக்கி இறக்குகிற வேலை. அத்தனை பெரிய இரும்புப் பெட்டியை நூல் பிசகாமல் வைக்கிற பெண்ணுக்குக் கல்யாணச் சந்தையில் நிறம் கம்மி.

மகள்மேல் சத்தியதாஸுக்கு உயிர். உயிர் என்பதால்தான் ஆலோசனைக்கு அனுப்புகிற அவள் போட்டோவில் தன் முழுத் திறமையையும் காட்டினார். மற்றவர்கள் மகள்களுக்குச் செய்ததைவிட இரண்டு பங்கு. அந்தப் படத்தைப் பார்த்து மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வீட்டார் வந்தார்கள். டீ கொண்டுவந்து வைத்த பிரிஸில்லாவை மாப்பிள்ளையின் அம்மா ஏற இறங்கப் பார்த்துவிட்டு ரோஸிடம் கேட்டாள்:

"இது மூத்ததா? போட்டோல உள்ள பிள்ள எங்க?"

ரோஸ் வாயைத் திறப்பதற்குள் பிரிஸில்லா பதில் சொன்னாள்: "அந்தப் பிள்ள கரமனைல ஸ்டுடியோல இருக்கு. அங்க போய்ப் பாருங்க."

அவர்கள் டீயைக் குடிக்கவில்லை. அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை. ஆனால் அன்று முதல் அப்பாவின் கேமராவுக்கு முன்னால் நிற்பதை நிறுத்திவிட்டாள். கிறிஸ்துமஸுக்குக் குடும்பப் படம் எடுக்கும்போது கேமராவை அவளே வாங்கிக்கொள்வாள். அந்தப் படங்களில் அப்பாவும் அம்மாவும் கேக்கும் மட்டும் இருப்பார்கள். ஊரார் மகள்களை எல்லாம் படம் எடுக்கிற மனிதரிடம் சொந்த மகளின் படம் ஒன்று புதிதாக இல்லை. இதை அவர் என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். சொல்லும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இப்படி இருக்கும்போது பிரிஸில்லா தானாகவே ஒருவனைக் கண்டுபிடித்தாள். அபின், பாலராமபுரத்துப் பையன், அதே துறைமுகத்தில் எலெக்ட்ரீஷியன். அவனும் நல்ல கறுப்புதான். மாப்பிள்ளையாகப் போகிறவன் என்பதால் அது யார் கண்ணிலும் படவில்லை. ஜனவரியில் கல்யாணம் என்று இரண்டு வீட்டாரும் பேசி முடித்தார்கள்.

துலா மாதத்தில், அதாவது ஐப்பசியில், ஒரு நாள் காலையில் பிரிஸில்லா தன் சிநேகிதி அஸ்வதியைக் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தாள். அஸ்வதி படம் வரைகிறவள், எதையும் கையாலேயே செய்து பார்க்கிற ஜாதி. கல்யாணக் கார்டைப் பிரஸ்ஸில் அடிக்கப் போவதில்லை, ஒவ்வொன்றாக நீலத்தில் வெயிலில் அச்சிடப் போகிறோம் என்றார்கள். நான் கடையைத் திறந்து போட்டுவிட்டு அங்கே போய் நின்றுகொண்டேன். காலை நேரத்தில் எனக்கு வியாபாரம் குறைவு.

"இது சயனோடைப், அங்கிள்," என்றாள் அஸ்வதி. "பண்டு வீட்டு பிளான் எல்லாம் நீலத்துல போடுவாங்கல்லே, அதே மருந்து. பேப்பர்ல மருந்து தேச்சு, மேல நெகட்டிவ் வச்சு, வெயில்ல காட்டணும். வெயில் பட்ட எடம் நீலமாவும். படாத எடம் வெள்ளையாவே நிக்கும். பின்னே தண்ணில கழுவினா மதி."

"நெகட்டிவ்வா? அத எங்க போய்த் தேட?" என்றார் சத்தியதாஸ்.

"தேடண்டாம். கம்ப்யூட்டர்ல படத்த தலகீழாக்கி, கண்ணாடிபோல உள்ள ஷீட்ல பிரிண்டு செய்தா அதுவே நெகட்டிவ். ஆனா இதுல பெருசாக்க ஒண்ணும் முடியாது. கார்டுல படம் எவ்வளவு பெருசோ, நெகட்டிவ்வும் அவ்வளவு பெருசு வேணும். உங்க பிரிண்டர்லதான் நல்ல கறுப்பு வரும்னு பிரிஸில்லா சொன்னா."

படம் பிரிஸில்லாவின் போனில் இருந்தது. வேலை முடிந்து விழிஞ்ஞத்தில் கடல் பார்த்து நிற்கும்போது யாரோ எடுத்தது. அவளும் அபினும் நல்ல வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிறார்கள். சத்தியதாஸ் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். மகளின் படம் அவர் கைக்கு வந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"அப்பா," என்றாள் பிரிஸில்லா. "தலகீழாக்கி அடிச்சுத் தந்தா மதி. எனக்க முகத்த தொடக்கூடாது."

"நான் எதுக்கு மக்களே தொடப் போறேன்?" மகளே என்பதை அவர் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள்.

"இச்சிரிகூட தொடக்கூடாது. தொட்டீங்கன்னு வைங்க, கல்யாணத்துக்குப் படம் எடுக்க வேற ஸ்டுடியோலேந்து ஆள் வரும். நீங்க பெண்ணுக்க அப்பாவா மட்டும் வந்து நிந்தா மதி. கேமரா வேண்டாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் எனக்கு அவளைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அவள் சிரித்துக்கொண்டு சொன்னால் அதில் மாற்றம் கிடையாது. ஸ்டுடியோக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் இன்னொரு ஸ்டுடியோக்காரன் வந்து கேமராவைத் தூக்கினால் பாறசாலை சபை முழுக்க வருஷக்கணக்கில் அதையே பேசும். அதுகூடப் போகட்டும். மகள் திரும்பவும் அவர் கேமரா முன்னால் நிற்க ஒரு வழி திறந்திருக்கிறது. அதை மூடுவதும் மூடாததும் அவர் கையில்தான் இருந்தது. அந்தக் கையை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

வேலை சுலபமாக வரவில்லை. முதலில் லேசர் பிரிண்டரில் சாதாரண ஓ.எச்.பி. ஷீட்டில் அடித்துப் பார்த்தார். கறுப்பு என்று கண்ணுக்குத் தெரிந்ததில் எல்லாம் ஊசிக்கண் அளவுக்கு ஓட்டைகள். அதை வைத்து அச்சிட்டால் இரண்டு பேருக்கும் முகம் முழுக்க மணல் வாரிவிட்டதுபோல் நீலப் புள்ளிகள். பிறகு மை பிடிக்கிற பிலிமைச் சாலைக் கடைத்தெருவில் தேடி வாங்கிவந்து இங்க்ஜெட்டில் அடித்தார். துலா மாதத்து ஈரத்தில் மை காயவே மாட்டேன் என்றது. ரோஸின் ஹேர் டிரையரை வீட்டிலிருந்து கொண்டுவந்து ஊதினார். அப்படியும் அவசரப்பட்டு எடுத்ததில் அபினின் நெற்றியில் அவருடைய கட்டைவிரல் ரேகை விழுந்தது. வருங்கால மாமனார் மாப்பிள்ளைக்கு வைத்த முதல் முத்திரை என்றேன். அவர் சிரிக்கவில்லை.

இதற்கெல்லாம் பிறகு ஒரு பிலிம் நன்றாக வந்தது. கறுப்பு நல்ல கறுப்பு, ஓட்டை இல்லை, மை காய்ந்து கண்ணாடிபோல் இருந்தது. அஸ்வதி மருந்து தேய்த்த காகிதங்களைக் கறுப்பு உறையில் போட்டு எடுத்து வந்தாள். எங்கள் இரண்டு கடைக்கும் மேலே ஒரே மொட்டை மாடிதான். துலா மாதத்தில் சாயங்காலம் இடியும் மழையும் நிச்சயம், ஆனால் காலை வெயில் சுள்ளென்று அடிக்கும். மஞ்சளும் பச்சையும் கலந்த காகிதத்தின் மேல் பிலிமை வைத்து, அதன் மேல் கண்ணாடி வைத்து, நாலு பக்கமும் கிளிப் போட்டு வெயிலில் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் விளிம்புகள் கறுத்து ஒரு மாதிரி சாம்பல் நிறமாயின. அஸ்வதி எடுத்துத் தண்ணீர் ட்ரேயில் போட்டாள்.

மஞ்சள் கரைந்து போகப் போக நீலம் எழும்பியது. முதலில் கடல் வந்தது. பிறகு அபின் வந்தான். புருவம், பல், மீசையில் தனியாக நிற்கிற ஒரு முடி வரைக்கும் வந்தது. அப்படியே எதிரில் நின்று சிரிப்பதுபோல இருந்தான். பிரிஸில்லாவின் தலைமுடி வந்தது. கம்மல் வந்தது. சுரிதாரில் உள்ள பூவேலை வந்தது. முகம் வரவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைக் காகிதம் அப்படியே இருந்தது. ஒரு தலைமுடிக்கும் ஒரு சுரிதாருக்கும் நடுவில் யாரோ கத்திரிக்கோலால் வட்டமாக வெட்டி எடுத்ததுபோல.

மூன்று பேரும் ட்ரேயைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"மேகம் மறச்சிருக்கும்," என்றார் சத்தியதாஸ். வானத்தில் ஒரு துணுக்கு மேகம் கிடையாது. அதற்குப் பிறகு தண்ணீரில் குளோரின் என்றார். பேப்பர் சரியில்லை என்றார். மருந்து பழசோ என்று அஸ்வதியைப் பார்த்தார். கடைசியில், சாமி, அதாவது நான், அந்தப் பக்கம் நின்றதால் நிழல் விழுந்தது என்றார். என் நிழல் பெண்ணின் முகத்தில் மட்டும் விழுந்து மாப்பிள்ளையைத் தொடாமல் போன விதத்தை நான் கேட்கவில்லை. முதல் நாளே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

வெயிலில் இன்னும் அதிக நேரம் வைத்துப் பார்க்கலாம் என்றார். வைத்தார்கள். இந்தத் தடவை அபின் நீலத்தில் முங்கிப் போனான். கண்ணும் மூக்கும் ஒன்றாகிக் கடலோடு கடலாகக் கரைந்துவிட்டான், பற்கள் மட்டும் பாக்கி. பிரிஸில்லாவின் முகத்தில் மூக்கு நுனி போல ஏதோ ஒன்று லேசாகத் தெரிந்ததாகச் சத்தியதாஸ் சொன்னார்.

"இதுக்கு மேல வெச்சா பொண்ணு வரதுக்குள்ள மாப்பிள்ளை போயிடுவார், தாஸ்," என்றேன்.

அஸ்வதி நல்ல பெண். அவளுக்கு யாரையும் சந்தேகிக்கத் தெரியாது, அதனாலேயே விடாமல் தேடினாள். கறுப்பிலிருந்து வெளுப்பு வரைக்கும் படிப்படியாகக் கட்டம் போட்ட ஒரு துண்டுப் படத்தை அவருடைய பிரிண்டரிலேயே, அதே பிலிமில் அடித்து வாங்கினாள். அதே காகிதம், அதே வெயில், அதே தண்ணீர். எல்லாக் கட்டமும் ஒழுங்காக வந்தது, கடும் நீலம் தொடங்கி வெறும் வெள்ளை வரைக்கும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக. குளோரினும் மேகமும் நானும் நிரபராதிகள் என்று ஆயிற்று.

"அங்கிள்," என்றாள் அவள், பழைய பிலிமைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு. "இதுல பிரிஸில்லாட முகம் மட்டும் பயங்கர கட்டியா இருக்கு. வெயில் உள்ளயே போவல்ல. அது எப்பிடி?"

அவர் பதில் சொல்வதற்குள் மாடிப்படியில் பிரிஸில்லா வந்துவிட்டாள். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள், ஹெல்மெட் இன்னும் கையில். ட்ரேயில் கிடந்த தன்னைப் பார்த்தாள். பிறகு அஸ்வதியின் கையிலிருந்து பிலிமை வாங்கி வானத்துக்கு நேரே பிடித்தாள். ஸ்டுடியோவில் வளர்ந்த பிள்ளைக்கு நெகட்டிவ் பார்க்க யாரும் சொல்லித் தர வேண்டாம். அபின் முகம் வெளிச்சமாக இருந்தது. பக்கத்தில் அவள் முகம் அட்டைக் கரி.

"அப்பா," என்றாள். "என்ன எப்பிடிக் கறுப்பாக்கி வச்சிருக்கீங்க, பாத்தீங்களா?"

சத்தியதாஸ் கைலியின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இச்சிரிதான் மக்களே. பேருக்கு. எல்லாம் நீலமாத்தானே வரப்போவுது, யாருக்கு தெரியும்னு..."

"வெயிலுக்கு தெரிஞ்சுபோச்சே."

"ஒனக்க நல்லதுக்குத்தானே நான்..."

"யாரு கண்ணுக்கு நல்லது? அபினுக்கு நான் எப்பிடி இருக்கேன்னு தெரியும். எனக்கும் தெரியும். ஒங்களுக்குத்தான் இன்னும் தெரியல்ல." குரல் உயரவே இல்லை. "ஒரே ஒரு தடவ எனக்க முகத்த எனக்க முகமா தாங்கன்னு கேட்டேன். அது ஒங்களால முடியல்ல. செரி, போவட்டு."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். ஸ்கூட்டர் சத்தம் நேமம் பக்கம் போய்த் தேய்கிற வரைக்கும் அவர் அசையவில்லை. எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அதே நேரம் பாவமாகவும் இருந்தது. அந்த மனிதர் துரோகம் செய்யவில்லை. தெரிந்த ஒரே வேலையைச் செய்தார். உலகத்தில் யாரும் அதுவரை அவரிடம் வந்து வெளுப்பாக்காதே என்று கேட்டதில்லை.

மறுநாள் காலை நான் ஷட்டரைத் தூக்குவதற்குள் அவர் வந்து நின்றார்.

"சாமி, இங்க ஒண்ணு வாங்க. எனக்க பக்கத்துல இருக்கணும். மவுஸ் அந்த எடத்துக்குப் போச்சுன்னா கைல ஒண்ணு போடுங்க."

"நான் போட மாட்டேன்னு நெனைக்கறேளா?"

"போடுவீங்கன்னுதான கூப்பிட்டேன்."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் தொடாத படத்தைத் திறந்தார். திரை முழுக்கப் பிரிஸில்லா சிரித்தாள். அவர் கை மவுஸில் இருந்தது. மவுஸ் தன் பாட்டுக்கு அவள் கன்னத்தின் பக்கம் ஒரு தடவை போயிற்று, நான் கனைத்தேன், திரும்பிவிட்டது. பிறகு வெகுநேரம் அவர் ஒன்றுமே செய்யவில்லை. படத்தைப் பெரிதாக்கி, மூக்கு, கண்ணோரம், மேலுதட்டுக்கு மேலே உள்ள பள்ளம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சாமி."

"என்ன?"

"இது என்னப்போல இருக்குல்லா?"

"அவ பொறந்த நாள்லேந்து ஊர் முழுக்க அதைத்தானே சொல்றது," என்றேன்.

"சொல்லுவாங்க. நான் பாத்ததில்ல," என்றார். வெளுப்பாக்கி, வழவழப்பாக்கி, ஒவ்வொரு படத்திலும் முதலில் அழித்தது எதை என்று அவருக்கு அப்போதுதான் பிடிபட்டது என்று நினைக்கிறேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது என் கடைக் கண்ணாடி, அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

அப்புறம் வேலையைப் பார்த்தார். அஸ்வதியின் கட்டம் போட்ட துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எவ்வளவு மை விழுந்தால் வெயில் எவ்வளவு உள்ளே போகும் என்று கணக்குப் பார்த்துப் படம் முழுவதற்கும் மையைக் குறைத்தார். முழுவதற்கும் என்றால் கடலுக்கும், சுரிதாருக்கும், மாப்பிள்ளைக்கும், பெண்ணுக்கும் ஒரே அளவு. அந்த ஸ்டுடியோவில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு நடந்தது அன்றைக்குத்தான். தலைகீழாக்கினார், இடம் வலம் மாற்றினார், பிலிமில் அடித்தார், ஹேர் டிரையரைத் தொடாமல் தானாகக் காயட்டும் என்று விட்டார். வாசலில் ஒரு அம்மாவும் பெண்ணும் வந்து ஆலோசனைக்குப் போட்டோ என்றார்கள். உச்சைக்கு மேல், மத்தியானம் கழித்து, வரச் சொன்னார். அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு போனாள்.

அஸ்வதி வந்து அச்சிட்டாள். இந்தத் தடவை தண்ணீரில் இரண்டு பேரும் ஒன்றாக வந்தார்கள். பிரிஸில்லாவின் நெற்றியும் கன்னமும் நல்ல ஆழமான நீலம், பல்லும் கம்மலும் அதில் பளிச்சென்று வெள்ளை, கண்ணைச் சுருக்கினால் விழுகிற மடிப்புகள் உட்பட. எனக்குப் படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அழகான முகம் எது என்று தெரியும். அதை உரக்கவே சொன்னேன். சத்தியதாஸ் ஈரக் காகிதத்தைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, அது காய்கிற வரைக்கும் அங்கேயே நின்றார்.

அதைப் பிரிஸில்லாவிடம் காட்ட அவர் போகவில்லை. பயம். அஸ்வதிதான் கொண்டுபோனாள். பிரிஸில்லா பார்த்துவிட்டு, "செரி, இதுலயே எல்லாம் அடிப்போம்" என்று மட்டும் சொன்னாளாம். கேமராவைப் பற்றிப் பேச்சில்லை. அடுத்து வந்த ஞாயிறு, ஒழிவு நாள் என்று பார்த்துப் பார்த்துப் பெண்கள் இருவரும் எங்கள் மாடியில் கார்டு அடித்தார்கள். சத்தியதாஸ் கீழே ஸ்டுடியோவில் இருந்துகொண்டு, மேலே போகிற ஒவ்வொரு காலடிக்கும் தலையைத் தூக்குவார். வேறு ஸ்டுடியோக்காரனிடம் பேசியிருப்பாளோ என்று என்னிடம் கேட்பார். நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒருவன் டிரோன் எல்லாம் வைத்திருக்கிறானாம், அவனாக இருக்குமோ என்பார். நீங்களே கேளுங்களேன் என்றால், கடைக்குள் போய்விடுவார்.

டிசம்பர் வந்துவிட்டது. மழை விட்டு வெயில் நாள் முழுக்க நின்றது. கார்டு கொடுக்கிற வேலை முடிந்து ஒரு நாள் பிரிஸில்லா ஸ்டுடியோவுக்குள் வந்தாள். நான் அங்கேதான் இருந்தேன். பையிலிருந்து பிலிமை எடுத்து அப்பாவின் மேஜைமேல் வைத்தாள்.

"இந்தாங்க. வேலை தீர்ந்தாச்சு."

அவர் எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார்.

"நல்லா பாருங்க," என்றாள். "ஒங்களுக்கு வெளுத்த மவதானே வேணும்? இதுல வெளுத்துத்தான் இருக்கேன். ஒண்ணும் தொடாமலே. இத நீங்க வச்சுக்கிடுங்க."

பார்த்தேன். உண்மைதான். தொடாத நெகட்டிவ்வில் அவள் முகம் கண்ணாடியாக, வெளிச்சம் அப்படியே ஊடுருவிப் போகிறதாக இருந்தது. மார்த்தாண்டத்து அம்மாள் பார்த்திருந்தால் அன்றைக்கே நிச்சயம் செய்துகொண்டு போயிருப்பாள். சத்தியதாஸ் வாழ்நாள் முழுக்க எந்த நிறத்துக்காகப் பாடுபட்டாரோ அது அவர் கையில் இருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தார்.

"இது வேண்டாம் மக்களே," என்றார். "கார்டு ஒண்ணு தா."

"எல்லாம் குடுத்துத் தீர்ந்துபோச்சு."

"ஒண்ணுகூட இல்லியா?"

அவள் அப்பாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு பைக்குள் கையை விட்டு ஒரு கறுப்பு உறையை எடுத்தாள்.

"மருந்து தேச்ச பேப்பர் ஒண்ணு பாக்கி உண்டு. வேணும்னா நீங்களே போய் வெயில்ல வைங்க." வாசல் வரை போனவள் திரும்பினாள். "கல்யாணத்துக்குக் கேமரா கொண்டு வாங்க. டிரோன் ஒண்ணும் வேண்டாம்."

அவள் போன பிறகு அவர் உறையையும் பிலிமையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினார். நானும் பின்னால் போனேன். நட்டுச்சிக்கு வெயில், தலைக்கு நேர் மேலே. கண்ணாடிக்குக் கிளிப் போட்டுத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே வெறுந்தலையோடு குந்திக்கொண்டார். குடை கொண்டு வரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பிலிமின் ஓரத்தில் தெரிந்த காகிதம் பச்சையிலிருந்து சாம்பலாகி, சாம்பலிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. அஸ்வதி எடுக்கிற பதம் இதுதான் என்று எனக்குப் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தது.

"மதி தாஸ், எடுத்துடுங்கோ," என்றேன். "ரொம்பக் கறுத்துடும்."

அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இச்சிரிகூட கறுக்கட்டு, சாமி," என்றார்.